மாதிரி ஓட்டு ஐம்பது

கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி, தூக்கக் கலக்கத்தில் அந்த மூடியைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் சந்தனமாரிக்கு உறைத்தது: அழித்ததை நான் பார்த்தேனா? பார்த்திருப்பேன். பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற ஆளா நான்? விடுதியில் சேர்ந்த அன்று கொடுத்த நாலு பக்க விதிமுறையை முழுக்கப் படித்துவிட்டு, பதினோராவது விதி செல்லாது என்று காப்பாளரோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கு நின்றவள். செல்போன் கடைக்காரன் நீட்டுகிற உத்தரவாதச் சீட்டையும் திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறவள். அப்படிப்பட்டவளின் கையெழுத்து, இதோ, ஓட்டுச்சாவடித் தலைமை அலுவலர் தேவசகாயம் சாரின் மேஜை மேல் கிடக்கிறது. மாதிரி வாக்குகள் ஐம்பதும் எண்ணிக் காட்டப்பட்டு, எங்கள் முன்னிலையில் இயந்திரத்திலிருந்து அழிக்கப்பட்டன என்று அச்சடித்த தாள். அதன் கீழே ஆளுங்கட்சி ஏஜெண்டு அய்யாத்துரை அண்ணாச்சியின் கோழி கிளறிய கையெழுத்து, எதிர்க்கட்சி ஏஜெண்டு பிச்சைக்கனி மாமாவின் பாதியில் நின்றுபோன கையெழுத்து, மூன்றாவதாக ஒவ்வொரு எழுத்தும் நிமிர்ந்து நிற்கிற இவள் கையெழுத்து. ஊரில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு சங்கதி இருப்பதே தெரியாது. ஏழு மணிக்கு ஓட்டுப்பதிவு தொடங்குமுன், ஐந்தரைக்கே ஏஜெண்டுகளை உட்கார வைத்து, மிஷின் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க ஐம்பது பொய் ஓட்டுப் போடச் சொல்வார்கள். போட்டதை எண்ணிக் காட்டுவார்கள். பிறகு அழிக்கிற பொத்தானை அமுக்குவார்கள். ஒரு நீண்ட பீப் கேட்கும், மிஷின் வெறும் மிஷினாகும், பிறகு பச்சைத் தாள் வைத்து சீல் போடுவார்கள். எண்ணிக் காட்டினார்கள், அது தெரியும். சீல் போட்டார்கள், சீலின் எண்ணை இவளே நோட்டில் குறித்திருக்கிறாள். நடுவில் அந்த நீண்ட பீப்? காதுக்குள் தேடிப் பார்க்கிறாள். அது இல்லை. மேஜை மேல் பூட்டிய பெட்டியாக உட்கார்ந்திருக்கிறது மிஷின், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி. சுவர்க் கடிகாரத்தில் ஆறு நாற்பத்தொன்று.

என்ன செய்துகொண்டிருந்தேன் அந்த நேரத்தில்? அதுதான் வெட்கக்கேடு. சிரித்துக்கொண்டிருந்தாள். வேட்பாளர்கள் பதினோரு பேர், யாருக்கும் இல்லை என்கிற பொத்தானும் சேர்த்துப் பன்னிரண்டு. ஆளுக்கு நாலு என்று போட்டால் நாற்பத்தெட்டு. மிச்சம் இரண்டை யாருக்குப் போடுவது? அய்யாத்துரை அண்ணாச்சி, "பெரிய கட்சிக்கு ஒண்ணொண்ணு போட்டு முடிங்க சார், டீ ஆறுது" என்றார். அங்கேதான் இவள் எழுந்தாள். பெரிய கட்சி சின்னக் கட்சி என்று எந்த விதியில் இருக்கிறது, மிஷினுக்குத் தெரியுமா பெரிசு எது சிறிசு எது, எங்கள் வேட்பாளருக்கு ஐந்து விழுந்தால் மிஷின் ஏற்றுக்கொள்கிறதா என்று நாங்களும் சோதிக்க வேண்டாமா? பொய் ஓட்டுக்கு இவ்வளவு வாதம். பிச்சைக்கனி மாமா வயிறு குலுங்கச் சிரித்து, "விடுங்க அண்ணாச்சி, என் பங்கை மருமவளுக்குச் சீதனமாத் தாரேன்" என்று விட்டுக்கொடுத்தார். எண்ணிக் காட்டும்போது மிஷினின் சின்னத் திரையில் ஒவ்வொரு வேட்பாளராக வந்தார்கள். ஒன்று, நாலு. இரண்டு, ஐந்து; அது ஆளுங்கட்சி. மூன்று, நாலு. இப்படியே வந்து ஒன்பதாவது, கேரம் போர்டு சின்னம், வழக்கறிஞர் தவசெல்வி: ஐந்து. ஐந்து! ஆளுங்கட்சிக்குச் சமம். தீப்பெட்டி ஆபீஸ் பெண்களுக்காகப் பன்னிரண்டு வருஷம் கோர்ட் படி ஏறி இறங்கிய தவசெல்வி அக்கா, போஸ்டர் ஒட்ட ஆள் இல்லாமல் தானே பசை வாளி தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைந்த அக்கா, முதலிடத்தைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கிறார். அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் இவளுக்கு உள்ளே என்னவோ ஒன்று கழன்று ஓடிவிட்டது. வாக்கு எண்ணும் மையம், டிவி, அடியில் ஓடுகிற செய்தி, கேரம் போர்டு முன்னிலை, அக்கா தொண்டை கட்டிய குரலில் மைக் பிடிப்பது, சட்டமன்றத்தில் எழுந்து கந்தகப் புகைக்குள் எட்டு மணி நேரம் நிற்கிற பெண்களின் நுரையீரல் பற்றிக் கேள்வி கேட்பது, அமைச்சர் காகிதம் புரட்டுவது. பத்து, பதினொன்று, யாருக்கும் இல்லை என்று திரையில் வந்தது எதுவும் இவள் கண்ணில் படவில்லை. அதே நேரம் வாசலில் அம்மாவின் குரல் வேறு. "ஏன், வரிசைக்கு முன்னால நிக்கவன்னு ஒருத்தி இருந்துதான ஆவணும்? அது நானா இருந்தா ஒங்களுக்கு என்ன நோவுது?" என்று போலீஸ்காரரிடம். இந்தக் காது அங்கே போயிற்று, கண் சட்டமன்றத்துக்குப் போயிற்று, கை மட்டும் இங்கே இருந்து கையெழுத்துப் போட்டிருக்கிறது.

அம்மா ஏன் முதல் ஆளாக நிற்கிறாள் என்று போலீஸ்காரருக்குத் தெரியாது. இந்தக் காலனிக்கு இதற்குமுன் ஓட்டுச்சாவடி கிடையாது. இரண்டரை கிலோமீட்டர் நடந்து பெரிய ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். போகிற வழியெல்லாம் பெரிய ஊர்க்காரர்கள் வீட்டு வாசல்கள். வாசல்களில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள், "என்ன வேலுத்தாயி, நம்ம சின்னத்துக்குத்தான?" என்பார்கள். அம்மா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டுவாள். ஒரு தலையாட்டலுக்குள் எவ்வளவு இருக்கும் என்று அப்போது இவளுக்குத் தெரியாது, ஒன்பது வயது. பெண்கள் வரிசையில் அம்மா முன்னேற முன்னேற, "கொஞ்சம் வெலகு, வீட்ல அடுப்பெரியுது எங்களுக்கு" என்று முன்னால் வந்து நிற்பவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். காலனிக்காரிகளின் வீட்டில் அடுப்பே கிடையாது போலிருக்கிறது. வெயில் ஏறி, இறங்கி, கடைசியில் உள்ளே போன அம்மா போன வேகத்தில் திரும்பி வந்தாள். "ஒன் ஓட்டு விழுந்துட்டாம்." யார் போட்டது? "யாரோ போட்டுட்டாவ." அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து பாத்திரம் துலக்கினாள். துலக்கின கையைப் பிடித்து, ஏம்மா மை இல்லை, எல்லாருக்கும் இருக்கே என்று கேட்டதற்கு அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். அந்த அடி இன்னும் வலிக்கிறது என்று சொன்னால் பொய், ஆனால் எங்கே விழுந்தது என்று காட்டச் சொன்னால் விரல் வைத்துக் காட்டுவாள். காலனிக்குத் தனி ஓட்டுச்சாவடி கேட்டு இவள் எழுதிய மனுக்கள் ஏழு. தபாலில் மூன்று, நேரில் நாலு. மூன்று வருஷம். மூன்றாவது வருஷம் ஒருவர் வந்து இந்தப் பள்ளிக்கூடத்தின் அறையை நாடா வைத்து அளந்துகொண்டு போனார். பட்டியலில் பெயர் வந்தது: அறுநூற்றுப் பன்னிரண்டு வாக்காளர்கள். அன்று விடுதியில் இவள் இனிப்பு வாங்கிக் கொடுத்தபோது, அறைத்தோழி ஷாஹினா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டே கேட்டாள்: "லூசு, முன்னாடியாவது உங்க ஓட்டு ஊர் ஓட்டோட கலந்து கிடந்துச்சு. இப்ப பூத் வாரியா ரிசல்ட் போடுவான். உங்க தெரு யாருக்குப் போட்டுச்சுன்னு மொத்தமா அம்மணமாத் தெரியும். அப்புறம் வந்து அடிப்பான்ல?" இவள் இரவு பதினொன்று வரை விடவில்லை. தெருவாகத் தெரிந்தால் தெரியட்டுமே. தெருவுக்கு ஒரு கருத்து இருக்கிறது என்று ஒரு தடவையாவது தெரிய வேண்டாமா? அடிக்க வருகிறவன் அறுநூற்றுப் பன்னிரண்டு பேரையும் அடிக்க வேண்டும். ஒருத்தியைத் தனியாகப் பிடித்து நீதானே என்று கேட்க முடியாது. ஷாஹினா கொட்டாவி விட்டு, சரி நீ ஜெயிச்சிட்டே, லைட்டை அணை என்றாள். ஜெயிக்கவில்லை என்று இவளுக்குத் தெரியும். அந்தக் கேள்வி இன்னும் அடிவயிற்றில் கல் மாதிரி கிடக்கிறது. ஆனாலும் கல் கிடந்தபடியே நடக்கப் பழகியாயிற்று.

இப்போது அந்த அறுநூற்றுப் பன்னிரண்டின் மேல் ஐம்பது பொய் ஓட்டு. யோசி, சந்தனம், ஒழுங்காக யோசி. அழிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகும்? சாயங்காலம் கணக்கு இடிக்கும். பதிவேட்டில் ஐந்நூறு பேர் என்றால் மிஷின் ஐந்நூற்று ஐம்பது என்னும். எண்ணுகிற அன்று அந்த மிஷினைத் தூக்கி ஓரமாக வைப்பார்கள். வெற்றி வித்தியாசம் பெரிதாக இருந்தால் திறந்தே பார்க்க மாட்டார்கள். ஓரமாக. விலகு, வீட்டில் அடுப்பெரிகிறது என்று சொல்கிற மாதிரி, ஒரு தெருவை மொத்தமாக ஓரமாக. அம்மா ஐந்து மணிக்கே தலைக்குக் குளித்து, கிளிப்பச்சைச் சேலை கட்டி வந்து நிற்பது, மாரடைப்பு வந்து பிழைத்த முனியாண்டிச் சித்தப்பா இரண்டு பேர் தோளில் கை போட்டு வரப்போவது, திருப்பூரிலிருந்து பனியன் கம்பெனிப் பெண்கள் பதினாலு பேர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பது, எல்லாம் ஓரத்தில். பெரிய ஊரில் சொல்வார்கள்: தனி பூத் குடுத்தா இப்படித்தான், ஒரு மிஷினைக்கூட ஒழுங்கா வச்சுக்கத் தெரியல. சொல்வார்கள், சொல்லாமலா? விசாரணை வந்தால் அந்தத் தாளை எடுத்துக் காட்டுவார்கள், இதோ உங்கள் ஆள் கையெழுத்து, முன்னிலையில் அழிக்கப்பட்டது. ஏழு மனு எழுதிய அதே கை. சரி, கேட்டுவிடலாம்; கேட்பது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலையில்லை. மிஷினில் மொத்தம் என்று ஒரு பொத்தான் இருக்கிறது, சீலுக்கு வெளியே, கையேட்டில் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அமுக்கினால் இதுவரை விழுந்த ஓட்டு எத்தனை என்று சொல்லும். சைபர் என்றால் சைபர், ஐம்பது என்றால் ஐம்பது. முதல் ஓட்டு விழுவதற்குள் என்றால் சீலை உடைத்துத் திருத்தலாம், மாற்றுச் சீல் தந்திருப்பார்கள். விழுந்துவிட்டால் பிறகு ஆண்டவனாலும் முடியாது. அம்மா நிற்கிறாளே வாசலில், காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு. அவள் ஓட்டு விழுந்தால் கதவு அடைபடும். ஆறு நாற்பத்தெட்டு.

கேட்க வேண்டியதுதானே? வாய் திறக்கவில்லை. இருபத்து மூன்று வயதுக்குள் இவள் வாய் திறக்காமல் இருந்த நிமிடங்களை எண்ணிவிடலாம். அதில் ஏழு நிமிடம் இந்த அறையிலேயே போய்விட்டது. ஆட்சேபணை என்று எழுந்தது இன்று காலையிலேயே மூன்று தடவை ஆகிவிட்டது. வந்ததும் வராததுமாக, மறைப்பு அட்டை வைத்திருக்கும் மேஜைக்குப் பின்னால் சன்னல் திறந்திருக்கிறது, வெளியே நிற்கிறவனுக்கு விரல் எங்கே போகிறது என்று தெரியும், மேஜையை மாற்றுங்கள் என்றாள்; மாற்றினார்கள். பிறகு சுவரில் நகைக்கடைக் காலண்டர், அதில் ஒரு தலைவர் படம், கழற்றுங்கள் என்றாள். மை வைக்க வந்திருந்த டீச்சர் ஸ்டூலில் ஏறிக் கழற்றினார். பிறகு அந்த ஐந்தாவது ஓட்டு. அப்போதே அய்யாத்துரை அண்ணாச்சி கைகூப்பினார்: "தாயி, ஒனக்குப் புண்ணியமாப் போவும், மணி ஏழாவதுக்காவது ஆட்சேபணை இல்லைன்னு சொல்லிரு." பிச்சைக்கனி மாமா விடுவாரா? "அண்ணாச்சி, என் மச்சினன் மவ அவ. பொறக்கும்போதே நர்சுகிட்ட, ஏன் தலைகீழாப் பிடிக்கீகன்னு கேட்டவ." அறை முழுக்கச் சிரித்தது. தேவசகாயம் சார்கூடக் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் சிரித்தார். அந்தச் சிரிப்பு இவளை ஒன்றும் செய்யாது என்றுதான் நினைத்திருந்தாள். செய்திருக்கிறது. நாலாவது தடவை எழுந்தால் என்ன நடக்கும் என்று அறையே தயாராக இருக்கிறது, சிரிப்பை வாயில் ஊற வைத்துக்கொண்டு. தவசெல்வி அக்காவுக்கு இந்தத் தொகுதியில் முந்நூற்று இருபது சாவடியில் ஏஜெண்டு கிடைத்தது நாற்பத்தாறு சாவடிக்குத்தான். அந்த நாற்பத்தாறில் ஒருத்தி கோமாளி என்று பெயர் வாங்கினால் அது அக்காவுக்குத்தானே போய்ச் சேரும்? ஏற்கெனவே அந்தச் சின்னத்தை வைத்து ஆயிரம் கேலி. வீட்டுக்கு வீடு நோட்டீஸ் கொடுத்தபோது கிழக்கு வரிசைப் பெண்கள், "யாருக்கு, அந்தச் சன்னல் சின்னத்துக்கா?" என்று கேட்டார்கள். சன்னல் இல்லை மதினி, கேரம் போர்டு. "வெளையாட்டுச் சாமானா? அதுக்கு ஓட்டா? சன்னலாவே இருந்துட்டுப் போவட்டும், காத்தாவது வரும்." கடைசியில் இவளே சன்னல் என்று சொல்லத் தொடங்கினாள். தோற்றுப்போன ஒரு வாதம். அதில் ஏனோ வருத்தம் வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அதைத் தொட மனம் கூசுகிறது: இந்த மனுஷர். தேவசகாயம் சார் எங்கேயோ கடற்கரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நேற்று மத்தியானம் லாரியில் மிஷினோடு வந்து இறங்கியவர், இந்தக் காலனிக்குள் வந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்த முதல் அதிகாரி. அது ஒரு பெரிய விஷயமா என்று ஷாஹினா கேட்பாள். பெரிய விஷயம்தான், இங்கே வருகிறவர்கள் பாட்டில் தண்ணீரோடு வருவார்கள். அம்மா கொண்டுபோய்க் கொடுத்த செம்பை அவர் அண்ணாந்து குடித்து, "உப்பு கரிக்காத தண்ணி, எங்க ஊர்ல கெடைக்காது" என்று இன்னொரு செம்பு கேட்டார். இன்று காலையில் சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு இரண்டு பிஸ்கட்டைத் தவிர வேறெதுவும் சாப்பிடவில்லை, விரல் லேசாக நடுங்குகிறது, நடுங்குகிற விரலால்தான் அரக்கை உருக்கிச் சீல் வைத்தார். அந்த விரல் ஒரு பொத்தானை மறந்திருக்கலாம். இவள் கேட்டு, ஐம்பது என்று வந்தால், அதை எழுத வேண்டும், எழுதினால் விளக்கம் கேட்பார்கள், தற்காலிகப் பணிநீக்கம் என்று பேப்பரில் இரண்டு வரி வரும். கேட்காமல் விட்டால் ஒரு தெரு ஓரமாகும். அதென்ன எப்போதும் நம் பக்கத்துத் தராசில் மட்டும் ஒரு நல்ல மனுஷரைத் தூக்கி வைத்துவிட்டு முடிவெடு என்கிறது உலகம்? கெட்டவர்களோடு சண்டை போடுவது எவ்வளவு லேசு. பல்கலைக்கழக வாசலில் நின்று கத்துவதற்கு இவளுக்கு இரண்டு நிமிட அவகாசம் போதும். அம்மா அடிக்கடி சொல்வது: "நீ பேசிப் பேசியே ஊர்ல நல்லவன்னு ஒருத்தன மிச்சம் வைக்க மாட்ட." இல்லையம்மா. நல்லவர்கள் இருக்கிறார்கள் என்று நம்புவதால்தானே ஐந்தரை மணிக்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்? எல்லாரும் திருடர்கள் என்றால் படுத்துத் தூங்கலாமே. என் கோபத்துக்கு அடியில் கிடக்கிற விஷயம் உனக்குத் தெரியாது. இந்தத் தேர்தலில் அக்கா ஜெயிக்க மாட்டார், அது எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். இரண்டாயிரம் ஓட்டு வாங்கினால் அடுத்த முறை ஐயாயிரம். ஐயாயிரம் வாங்கினால் பெரிய கட்சிக்காரன் பயந்துகொண்டு நம் கோரிக்கையில் இரண்டைத் தன் நோட்டீஸில் திருடிப் போடுவான். போடட்டும், திருடட்டும், அந்தத் திருட்டை மட்டும் நான் வரவேற்கிறேன். இருபது வருஷத்தில் கந்தக அறைக்குள் காற்றுக்குழாய் வரும். பஸ் பெரிய ஊரோடு திரும்பாமல் காலனி வரைக்கும் வரும். என் மகள், ஒருத்தி பிறந்தால், இந்த ஏழு மனுவையும் ஏதோ பழைய காலத்துக் கிறுக்கு என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு நான் தயார். அப்படியென்றால் இந்த அறையில் ஐந்து பேர் சிரிப்பதற்கு ஏன் இப்படி நாக்கு ஒட்டிக்கொள்கிறது?

ஆறு ஐம்பத்தேழு. மை டீச்சர் குப்பியைத் திறந்து குச்சியால் கலக்கிவிட்டு வைத்தார். போலீஸ்காரர் கயிற்றை அவிழ்த்தார். அம்மாவின் நிழல் வாசற்படி தாண்டி உள்ளே விழுந்தது, ஆளுக்கு முன்னால் நிழல் வந்துவிட்டது. மறுபடியும் காதுக்குள் தேடினாள். பீப் பீப் என்று குட்டிக் குட்டியாக ஐம்பது கேட்கிறது, நீளமாக ஒன்று கேட்டதா, அது மேல்ரோட்டில் போன லாரி ஹாரனா, இப்போது இல்லாததையும் காது தயாரித்துத் தர ஆரம்பித்துவிட்டது, கேட்டது என்று நம்பிவிடு, நம்பிவிடு என்கிறது, நம்பினால் உட்கார்ந்திருக்கலாம், இதோ கேட்டதே, நீளமாக, இல்லை, அது நீயாகச் செய்தது. ஒரு குடம் தண்ணீருக்குள் விட்ட மோதிரத்தைத் தடவுகிற மாதிரி. தேவசகாயம் சார் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "சரி, ஆரம்பிக்கலாமா? மொத ஆள வரச் சொல்லுங்க" என்றார். அம்மா ஒரு காலை உள்ளே வைத்தாள். இவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் சரிந்து சுவரில் மோதியது. "சார், ஒரு நிமிஷம்." அய்யாத்துரை அண்ணாச்சி நெற்றியில் அடித்துக்கொண்டார். "வந்துட்டுடா சாமி." பிச்சைக்கனி மாமா, "மருமவளே, இப்ப என்ன, மிஷினுக்கு ஜாதகம் பாக்கணுமா?" என்றார். சிரிப்பு, நினைத்தபடியே, அறை நிறைய. ஆனால் நினைத்த அளவுக்கு அது சுடவில்லை. "அந்த மொத்தம் பட்டனை அமுக்கிக் காட்டுங்க சார். அழிச்சதை நான் பாக்கல. பாக்காமக் கையெழுத்துப் போட்டுட்டேன். என் தப்புதான்." கடைசி இரண்டு வார்த்தை வெளியே வந்ததும் சிரிப்பு நின்றது. இவள் வாயிலிருந்து அப்படியொரு சொல் வருமென்று மாமா எதிர்பார்த்திருக்க மாட்டார்.

தேவசகாயம் சார் இவளைப் பார்த்தார். கோபமா, பயமா, இரண்டும் இல்லாத வேறொன்றா என்று கண்ணாடிக்குப் பின்னால் தெரியவில்லை. மேஜைக்குப் போனார். அந்த மூன்று எட்டுக்குள் இவள் ஐம்பதைப் பார்த்துவிட்டாள், சீலை உடைப்பதையும் அம்மா வெளியே நிற்பதையும் அவர் தன் தவறைத் தானே தாளில் எழுதுவதையும் பார்த்துவிட்டாள். நடுங்குகிற விரல் பொத்தானை அமுக்கியது. திரையில் சிவப்பாக எழுத்து ஊர்ந்து வந்து நின்றது. சைபர். அவர் மிஷினை அப்படியே இவள் பக்கம் திருப்பி வைத்தார். "வேட்பாளர் பதினொண்ணு. மொத்த வாக்கு சைபர். நல்லாப் பாத்துக்க. நான் அமுக்குனேன்மா, இந்தா இந்த விரலாலதான். எல்லாரும் பாத்தாங்க. நீ மட்டும் ஒன் அஞ்சு ஓட்டப் பாத்துப் பல்லக் காட்டிட்டு எங்கயோ பறந்துட்டிருந்த." இப்போது வெடித்தது சிரிப்பு. அய்யாத்துரை அண்ணாச்சி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மை டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். "பொய் ஓட்டுக்கே இப்படீன்னா, நெச ஓட்டு விழுந்தா மயங்கில்ல விழுந்துருவா" என்றார் மாமா. காது வரை சூடேறியது இவளுக்கு. அந்தச் சூட்டுக்குள் ஒரு குளிர்ச்சி, நெற்றியில் ஈரத்துணி போட்ட மாதிரி. தப்பு. நான் தப்பு. இந்த மனுஷர் பசியோடு, நடுங்குகிற கையோடு, நான் கவனிக்காதபோதும் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். இவ்வளவு சந்தோஷமாக ஒரு தோல்வி இருக்க முடியுமா? இருந்தும் வாய் சும்மா இருக்கவில்லை. "சரிதான் சார். ஆனா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மொத்தம் சைபர்னு எங்களுக்குக் காட்டணும்னு கையேட்டுல இருக்கு. நான் கேட்டிருக்கக் கூடாது, நீங்களா காட்டியிருக்கணும்." அய்யாத்துரை அண்ணாச்சி, "ஏசுவே, முருகா, அல்லா, யாராவது வாங்க" என்றார். தேவசகாயம் சார் பேனாவை எடுத்தார். "வாஸ்தவந்தான்" என்றார். நேரத்தையும் சைபரையும் தன் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார்.

ஏழு மணி. அம்மா உள்ளே வந்தாள். வேலுத்தாய், வரிசை எண் முந்நூற்று ஏழு என்று பெயர் வாசித்தார்கள். வேறு யாரும் அந்தப் பெயரில் வந்துவிட்டுப் போயிருக்கவில்லை. அம்மா கையெழுத்துப் போட்டாள், மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகக் கட்டி இழுத்துவந்து நிறுத்துகிற மாதிரி. விரலை நீட்டினாள். மகளை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை; ஏஜெண்டாக உட்கார்ந்திருக்கிறவளை வாக்காளர் பார்க்கக் கூடாது என்று அவளாக ஒரு விதி வைத்துக்கொண்டாள் போல. அட்டைக்குப் பின்னால் போனாள். கிளிப்பச்சைச் சேலையின் கீழ் விளிம்பும் குதிகாலும் மட்டும் தெரிந்தன. நேரம் ஆயிற்று. என்ன செய்கிறாள்? பன்னிரண்டு படத்தையும் ஒன்றொன்றாகப் பார்க்கிறாளா? சன்னலைத் தேடுகிறாளா? அல்லது இத்தனை வருஷம் வாசல்காரர்கள் கேட்ட அந்தச் சின்னத்தையே பழக்கத்தில் கை தேடுகிறதா? சொல்லியிருக்கலாம், மேலேயிருந்து ஒன்பதாவது என்று இன்னொரு தடவை. நேற்று ராத்திரி சொல்லப் போனபோதுகூட அம்மா, "எனக்கு எண்ணத் தெரியும், போடி" என்று விட்டாளே. குதிகால் லேசாக உயர்ந்தது. குட்டியாகக் கேட்டது பீப், இவள் இந்தக் காலை முழுக்கக் காதுக்குள் தேடிக்கொண்டிருந்ததைவிடத் தெளிவாக. அம்மா வெளியே வந்தாள். முகத்தில் சிரிப்பா, கடுகடுப்பா, ஒன்றும் படிக்க முடியவில்லை. சாமி கும்பிட்டுவிட்டு வருகிறவள் முகம் மாதிரி மூடியிருந்தது. தலையை யாருக்கும் ஆட்டாமல், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெயிலுக்குள் இறங்கிப் போனாள். பிச்சைக்கனி மாமா குனிந்து, குரலைத் தாழ்த்தி, "மருமவளே, நெசத்தச் சொல்லு, ஒங்கம்மா ஓட்டு ஒனக்குத்தான?" என்றார். சந்தனமாரி பட்டியலில் முந்நூற்று ஏழுக்கு நேரே ஒரு கோடு இழுத்தாள். இந்த உலகத்தில் அது யாருக்கும் தெரியாது. நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது, மாமாவுக்குத் தெரியாது, இவளுக்கே தெரியாது.

"தெரியாது மாமா" என்றாள். சொன்னபோது சிரிப்பு அடக்க முடியாமல் வந்தது. வாசலில் அடுத்தவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றாள். "செருப்போடயே வாங்க மதினி," என்று சத்தமாகக் கூப்பிட்டாள் சந்தனமாரி, "இது நம்ம பூத்து."